சாவி சித்தியிடம் இருக்கிறது

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல், புதுக்கடை பக்கம் வெளிநாட்டுக்காரர் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர், ஸ்டீல் கேட், சிட்டவுட்டில் கிரானைட், நாலு மூலையிலும் கேமரா, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், உள்ளே ஆள் இருக்காது. நான் ஷார்ஜாவில் கட்டடப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்புக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போனால் நம் மாவட்டத்துப் பையன்களில் பாதிப் பேர் போனில் ஊர் முற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓலை விழுந்தால் போனில் மணி அடிக்கிறது, பூனை குறுக்கே போனாலும் அடிக்கிறது. "அண்ணே, நம்ம வீட்டுல ஈ பறந்தாலும் எனக்கு இங்க தெரியும்" என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னான்.

சரி, தெரிகிறது. தெரிந்ததும் யாரைக் கூப்பிடுவாய்?

இதற்கு அவனிடம் பதில் இல்லை, நான் கேட்ட பலரிடமும் இல்லை. நடுராத்திரி ஒன்றரை மணிக்கு கேட்டுக்குள் ஒருவன் குதிக்கிறான், நீங்கள் இங்கே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பதற்றத்தில் 100 அல்லது 112 அழுத்தினால் அது நம் ஊர் போலீசுக்குப் போகாது, நீங்கள் நிற்கிற நாட்டு நெட்வொர்க்கோடு முடிந்துவிடும். ஊர்க் காவல் நிலையத்தின் தரைவழி எண்ணை முழுசாகப் பதிந்து வைத்திருக்க வேண்டும். நாகர்கோவில் பக்கம் என்றால் 04652, குழித்துறை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் 04651, அதில் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு முன்னால் 0091 சேர்க்க வேண்டும். இதைச் செய்து வைத்திருக்கிற ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் கேமராவுக்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொடுத்தவர்கள் நிறைய.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்கும் வரும், ஐப்பசியில் வடகிழக்கும் வரும். ஒரு நல்ல காற்று மழைக்குக் கரண்ட் போகும், இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் மோடம் அணையும், அதோடு கேமராவும் போச்சு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது மாவட்டம் முழுக்க மரமும் கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டாகக் கிடந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் வீட்டைப் பற்றி எனக்குத் தகவல் கொடுத்தது சித்தி, அதுவும் யாரோ ஒருவருடைய போனில் இருந்து.

சாவி சித்தியிடம்தான் இருக்கிறது. அவர் வீடு எங்கள் வீட்டுக்கு மேற்கே, இடையில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, நட்ட ஒரு விளை, அந்தத் தோட்டம் மட்டும்தான். வாரத்துக்கு ஒரு தடவை வந்து கதவு ஜன்னல் திறந்து காற்று விடுவார், மோட்டார் போட்டுப் பார்ப்பார், கழிப்பறைகளில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். இல்லாவிட்டால் வளைவுக் குழாயில் நிற்கிற நீர் வற்றி நாற்றமும் கரப்பானும் ஏறி வரும். மர நிலைகளில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். இது எல்லாவற்றையும் விட, கேட்டில் செருகி வைத்திருக்கிற கல்யாண அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும் எடுத்துவிடுவார், முற்றத்தில் விழுந்த ஓலையை இழுத்து ஓரமாகப் போடுவார். களவு செய்ய வருகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். நாலு அழைப்பிதழ் கேட்டில் மழையில் ஊறிக் கிடந்தால் இந்த வீட்டில் ஒரு மாதமாக ஆள் இல்லை என்று போர்டு எழுதி மாட்டியதற்குச் சமம். அதே மாதிரிதான் போர்ட்டிகோ விளக்கும். ஆள் இருப்பது போலத் தெரியட்டும் என்று போட்டுவிட்டு விமானம் ஏறுகிறோம், அது பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கும் எரிந்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் போனால் எரிந்து விடிந்தால் அணைகிற சென்சார் பல்பு எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது.

சித்திக்கு அடுத்து எனக்கு முக்கியமான ஆள் ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன். விடியும் முன்பே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு எங்கள் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில்தான் அவர் போவார். எந்த வீட்டு நாய் எந்த நேரத்தில் குரைக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் என் எண்ணும் சித்தி மகன் எண்ணும் இருக்கிறது, லீவுக்குப் போகும்போது முதல் ஆளாக அவரைப் பார்த்துவிடுவேன். ஊரை விட்டு ரொம்ப நாள் போகிறோம் என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ராத்திரி ரோந்தில் அந்தப் பக்கமும் ஒரு சுற்று வருவார்கள். அதைச் சொல்லப் போனாலே வீட்டில் பணம் இருப்பதாக நினைப்பார்கள் என்று ஒரு பயம் நம்மவர்களுக்கு. வீட்டின் கேட்டைப் பார்த்தே எல்லோரும் அதை நினைத்தாகிவிட்டது.

நகையை வீட்டில் வைக்காமல் வங்கி லாக்கரில் வைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிற ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம். அதற்கு இன்றைக்கு எத்தனை பவுன் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், போட்டுவிட்டு நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுப்பதா என்று யோசியுங்கள்.

ஊர்ப் பக்கம் இவ்வளவு கவலைப்படுகிற நாம், இங்கே நாம் படுத்துத் தூங்குகிற அறையைப் பற்றி ஒன்றுமே யோசிப்பதில்லை. அமீரகத்தில் களவு பயம் குறைவு, அது உண்மை. அதனாலேயே இங்கே எதுவும் ஆகாது என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. களவை விட்டுவிடுங்கள். இங்கே உயிரை எடுப்பது பெரும்பாலும் புகை.

குவைத்தின் மங்காஃப் பகுதியில் 2024 ஜூன் 12 அதிகாலை தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. இரண்டு நாள் கழித்து 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்து இறங்கின, அதில் 7 பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். தீ கீழ்த்தளத்தில் ஆரம்பித்தது, காவலாளி அறையில் மின்கசிவு என்றார்கள். மேலே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பலரைக் கொன்றது நெருப்பு இல்லை, படிக்கட்டு வழியாக ஏறிய புகை. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்ததாகவும் அப்போது செய்தி வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் துபாய் தேராவில் ஒரு குடியிருப்பில் 16 பேர் இறந்தார்கள், அதிலும் நம் ஆட்கள் இருந்தார்கள்.

கட்டடப் பராமரிப்பில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன். படிக்கட்டுக்கு முன்னால் தானாகச் சாத்திக்கொள்கிற கனமான கதவு ஒன்று ஒவ்வொரு மாடியிலும் இருக்கும். அது புகையைத் தடுக்க வைத்த கதவு. நாங்கள் ஆய்வுக்குப் போகிற கட்டடங்களில் அந்தக் கதவு எப்படி இருக்கும் தெரியுமா, உடைந்த நாற்காலியையோ தண்ணீர்க் கேனையோ முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார்கள், சாமான் தூக்கிப் போக வசதி என்று. படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்ட், குழந்தை சைக்கிள், பழைய மெத்தை. உள்ளே போனால் ஒரு ஹாலைப் பலகையால் நாலாகப் பிரித்து ஆளுக்கொரு பெட் ஸ்பேஸ், ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மின் அடுப்பு, கெட்டில், அயர்ன் பாக்ஸ், நாலு சார்ஜர். போர்டைத் தொட்டால் சுடும். "அண்ணே ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓடுது" என்பார்கள்.

வாடகைக்குக் கட்டுப்படியாகாமல்தான் பார்ட்டிஷனில் இருக்கிறார்கள், நானும் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன், அதனால் காலி பண்ணு என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல முடிவது இவ்வளவுதான். மின் அடுப்புக்குச் சுவர் பிளக் மட்டும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்து மூடி போட்டு மூட வேண்டும். உங்கள் அறையிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தடவிப் பார்த்துப் போங்கள், புகையில் அப்படித்தான் போக வேண்டியிருக்கும், அதுவும் குனிந்து. லிஃப்ட் கூடாது. குளிர்காலத்தில் அறைக்குள் கரி மூட்டிக் குளிர் காய்கிற பழக்கம் குவைத், சவுதிப் பக்கம் நம் ஆட்களிடமும் உண்டு. சாத்திய அறையில் அந்தக் கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

அவசர எண் சமாச்சாரம் ஒன்று. அமீரகத்தில் 997 தீயணைப்பு, 998 ஆம்புலன்ஸ். சவுதியில் நேர் எதிர், 997 ஆம்புலன்ஸ், 998 தீயணைப்பு. தம்மாமில் பத்து வருடம் இருந்துவிட்டுத் துபாய்க்கு மாறி வந்த ஆள் பழைய நினைப்பில் எதை அழுத்துவான் என்று யோசித்துப் பாருங்கள். போலீஸ் அமீரகத்தில் 999, சவுதியில் ரியாத், மக்கா, தம்மாம் பக்கம் இப்போது 911, கத்தாரிலும் பஹ்ரைனிலும் எல்லாவற்றுக்குமே 999. குவைத் 112. ஓமன் 9999. நாடு மாறினால் முதல் நாளே இதைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட வேண்டும், அதோடு உங்கள் கட்டடத்தின் பெயர், தெரு, பக்கத்து அடையாளம் ஆங்கிலத்தில். போனை எடுக்கிறவர் எங்கே என்று கேட்கும்போது "பக்காலாவுக்கு எதிர்த்த பில்டிங்" என்று மளிகைக் கடையை அடையாளம் சொன்னால் வண்டி வராது.

அடுத்து மூட்டைப்பூச்சி. சிரிக்காதீர்கள். கேம்ப், பெட் ஸ்பேஸ் என்று இருந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன பாடு என்று. அதற்கு மருந்தடிக்க யாரோ ஒரு ஆள், கார்டு கிடையாது, லைசன்ஸ் கிடையாது, ஐம்பது திர்ஹாமுக்கு வந்து சில மாத்திரைகளை அறையில் வைத்துக் கதவைச் சாத்தி டேப் ஒட்டிவிட்டு இரண்டு நாள் உள்ளே போகாதே என்று சொல்லிப் போய்விடுவான். அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு, தானியக் கிடங்கில் போடுகிற விஷம். காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். வீட்டு உபயோகத்துக்கு அமீரகத்தில் தடை செய்தது. மருந்து வைத்தவன் வேறு எங்காவது போய்ப் படுத்துக்கொள்வான், அந்த வாயு சுவர் விரிசல், ஏசி குழாய், குளியலறை எக்ஸாஸ்ட் வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போகும். ஷார்ஜாவிலும் துபாயிலும் இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், அடுத்த வீட்டில் மருந்து வைத்ததே அந்தப் பெற்றோருக்குத் தெரியாது.

இதில் கொடுமை என்னவென்றால் அறிகுறி வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் நாம் என்ன நினைப்போம், நேற்று ஓட்டலில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான். பூண்டு மாதிரியோ அழுகிய மீன் மாதிரியோ ஒரு வாடை வரலாம், வராமலும் இருக்கலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது, வெளிக்காற்றுக்கு ஓடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, பக்கத்தில் பூச்சி மருந்து வைத்திருக்கலாம் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வளைகுடா விவகாரம் என்றும் தள்ளிவிட முடியாது. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டு ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், மருந்து வைத்ததும் அதற்கென்று இருக்கிற ஒரு நிறுவனத்து ஆட்கள்தான். எங்கள் மாடியில் யார் மருந்து வைத்தாலும் வாட்ச்மேன் எங்கள் எல்லோர் கதவையும் தட்டிச் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அவர் வங்காளதேசத்துக்காரர், ரொம்பக் கறாராகச் செய்கிறார்.

கடற்கரைக்காரர்கள் கதை வேறு. குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கத்து ஆட்கள் பஹ்ரைனிலும் சவுதியிலும் ஈரானிலும் படகில் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கு வீடே படகுதான். 2020இல் கொரோனா வந்து ஈரானில் மாட்டிக்கொண்டவர்களை ஜூலை 1ஆம் தேதி ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து இறக்கியது, அதில் 680க்கும் மேற்பட்டவர்கள். 1990இல் ஈராக்கின் சதாம் குவைத்துக்குள் நுழைந்தபோது ஜோர்டான் வழியாக வெளியே வந்த இந்தியர்கள் சுமார் 1.7 லட்சம் பேர், எங்கள் ஊரிலேயே அந்தப் பாலைவனப் பயணத்தைச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதையில் பாஸ்போர்ட் திரும்பத் திரும்ப வரும். கையில் வைத்திருந்தவன் ஒரு வரிசையில் நின்றான், முதலாளியின் அலமாரியில் விட்டவன் வேறு வரிசையில். பாஸ்போர்ட்டை கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு, ஆனாலும் நடக்கிறது. குறைந்தது அதன் நகல், விசா, அக்காமா என்கிற தங்கும் அனுமதி அட்டை, ஒப்பந்தம் எல்லாம் ஊரில் ஒருவரிடம் காகிதமாக இருக்கட்டும். போன் போய்விட்டால் போனுக்குள் இருக்கிற நகலும் போய்விடும்.

லீவு முடிந்து கிளம்பும்போது ஊர்க்காரர்கள் கொடுத்துவிடுகிற பொட்டலங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாங்காய் ஊறுகாய், நேந்திரங்காய் சிப்ஸ், யாரோ ஒரு பையனுக்கு மருந்து. முகம் முறிக்க முடியாமல் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் போதைப்பொருள் கணக்கு, அம்மா மசாலாவில் கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்தும் அதே ரகம். நான் இப்போது எல்லாவற்றையும் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். ஒரு மாமா கோபித்துக்கொண்டு பொட்டலத்தைத் திரும்ப எடுத்துப் போனார். போகட்டும்.

இப்போதெல்லாம் களவு போனில் வருகிறது, அதுவும் நமக்கு இல்லை, ஊரில் தனியாக இருக்கிற அம்மாவுக்கு. தக்கலையில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் ஒருவன் வந்தான். "உங்க மூத்த மகன் துபாயில் போதைப்பொருள் கேஸில் பிடிபட்டிருக்கிறார், பணம் அனுப்பினால் எஃப்.ஐ.ஆர். போடாமல் விடுவோம்." அந்த அம்மா, "மூத்தவனா? அவன் இங்க உறங்கிட்டுல்லா கெடக்கான்" என்றார்களாம். துபாயில் இருப்பது இளையவன். அன்றைக்கு அந்தப் போலி போலீஸ்காரன் இளையவன் என்று சரியாகச் சொல்லியிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை. வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டோம் என்று மிரட்டுகிற டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது, பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். மகன் குரலிலேயே பேசுகிற அளவுக்கு இப்போது தொழில்நுட்பம் வந்துவிட்டதால் நாங்கள் வீட்டில் ஒரு கேள்வி பேசி வைத்திருக்கிறோம். என் பெயரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும் அம்மா முதலில் கேட்க வேண்டியது, நாம் முன்பு வளர்த்த பசுவின் பெயர் என்ன. அம்மா இதை என்னிடமே சும்மா கேட்டுப் பார்த்துக்கொள்கிறார், சரியாகச் சொன்னால்தான் சாப்பிட்டியா மக்களே என்று அடுத்த பேச்சு.

நம் இந்திய போன் எண்ணையும் மறந்துவிடுகிறோம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் பணமும் இல்லாமல் கிடந்தால் இணைப்பை நிறுத்திவிடலாம் என்பது விதி, பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போகும். வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. அவன் போனில் வந்து விழும். ரோமிங்கில் போட்டு உயிரோடு வைத்திருங்கள், அல்லது வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான உங்கள் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் வெளிநாட்டு எண்ணையே பதிய முடியுமா என்று வங்கியில் கேளுங்கள், பல வங்கிகளில் முடியும்.

கடைசியாக நிலம். வீட்டுக்குள் ஏறிக் குதிக்கிறவன் கொண்டுபோவது டிவியும் நகையும். உட்கார்ந்து எழுதிக் கொண்டுபோகிறவன் விளையையே கொண்டுபோவான். வெளிநாட்டில் இருக்கிறவன் தன் சார்பில் கையெழுத்துப் போட யாருக்காவது பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்குமான பொது பவர் கொடுக்காமல் இன்ன சர்வே எண், இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினாலும், ஊருக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டினால்தான் அது செல்லும். வேலை முடிந்ததும் ரத்து செய்து, ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்யுங்கள். நம் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம், இங்கிருந்தே பார்க்கலாம். நான் சம்பளம் வந்து ஊருக்குப் பணம் அனுப்புகிற அன்றைக்கு அதையும் ஒரு தடவை பார்த்துவிடுவேன்.

நம் மாவட்டத்துக்கு மட்டும் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 1956 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்தோம், அதனால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன, நம் தலைமுறையில் அதை வாசிக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்றை மார்த்தாண்டத்தில் வயதான பத்திர எழுத்தர் ஒருவரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லித் தமிழில் எழுதி வாங்கினேன். அதில் தெற்கு எல்லை ஓடை என்று இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் ஓடை இல்லை, பஞ்சாயத்து ரோடு போகிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு சென்ட் யாருடையது என்பது அடுத்த லீவில் சர்வேயருக்கு மனு கொடுத்து அளந்தால்தான் தெரியும். அதுவரை அங்கே நிற்கிற இரண்டு தென்னையில் சித்திதான் தேங்காய் வெட்டிக்கொள்கிறார், யாரும் இன்னும் கேட்கவில்லை.